எழுத்து போடும் நேரம்: தமிழ்த் திரைப்படத் தலைப்புக்காட்சிகளில் அசைவூட்டமும் பாயிர மரபும்

ஆய்வுச்சுருக்கம்

திரைப்படத்தின் தலைப்புக்காட்சி, படத்தின் உணர்வுநிலையையும் கருப்பொருளையும் சுருக்கிக் காட்டும் உருவகம் என்பது மேலைத் திரைப்பட ஆய்வில் நிலைபெற்ற கருத்து. தமிழ்த் திரையில் மிகப் பரவலாக அறியப்பட்ட அசைவூட்டத் தலைப்பாகிய ‘சூப்பர் ஸ்டார்’ அட்டைக்கு இக்கருத்து பொருந்தவில்லை. நன்னூல் கூறும் சிறப்புப்பாயிர உறுப்புகளைக் கொண்டு தமிழ்த் தலைப்புக்காட்சிகளை அணுகினால், அவை படத்தைவிடக் கேட்போரையே முதன்மைப்படுத்துவது புலப்படும். அண்ணாமலை (1992), பாகுபலி இரண்டாம் பாகம் (2017), காலா (2018) ஆகியவற்றின் தொடக்கங்கள் இங்கு எடுத்துக்கொள்ளப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: தலைப்புக்காட்சி, அசைவூட்டம், சிறப்புப்பாயிரம், கேட்போர், தற்புகழ்ச்சி, ஸ்பெஷல் நாடகம்.

எழுத்து போடுதல்

வேடசந்தூரிலிருந்தும் நத்தத்திலிருந்தும் சின்னாளப்பட்டியிலிருந்தும் பேருந்து பிடித்துத் திண்டுக்கல் நகரத்துக்கு இரவுக் காட்சிக்கு வந்து சேர்பவர்கள் திரையரங்க வாயிலில் கேட்கும் கேள்வி, ‘படம் ஆரம்பித்துவிட்டதா?’ என்பதன்று, ‘எழுத்து போட்டாச்சா?’ என்பதே. ‘இப்பத்தான் எழுத்து போடுறான்’ என்ற விடை கிடைத்தால் ஓட்டம் விரைவுபடும். தலைப்புக்காட்சிக்கு நம் ஆய்வுலகம் பல கலைச்சொற்களைப் பரிந்துரைத்துள்ளது. மக்கள் வழக்கிலுள்ள இத்தொடரோ அதன் இயல்பை வேறு கோணத்திலிருந்து தொட்டுவிடுகிறது. இங்கே எழுத்து என்பது படிப்பதற்குரியது மட்டுமன்று, போடப்படுவது. கோலம் போடுதல், பந்தல் போடுதல், வேடம் போடுதல் என்பவற்றின் வரிசையில் எழுத்து போடுதலும் ஒரு நிகழ்த்துதலாகிறது.

தமிழ்த் திரைப்பட ஆய்வுகள் பாடல், வசனம், நாயக பிம்பம், அரசியல் ஆகியவற்றை விரிவாகப் பேசியுள்ளன. எழுத்து போடும் அந்தச் சில நிமிடங்களோ பெரும்பாலும் பெயர்ப்பட்டியலாகக் கொள்ளப்பட்டு விடப்பட்டுள்ளன. அசைவூட்டம் இடம்பெறும் தலைப்புகளுக்குக்கூட இதே நிலைதான். வரையப்பட்ட கோடும் புள்ளியும் எழுத்தும் அசையும்போது, நடிகரின் முகம் தோன்றுவதற்கு முன்பே படம் பார்வையாளரிடம் ஏதோ ஒன்றைச் சொல்லிவிடுகிறது. அவ்வாறு சொல்லப்படுவது எது, அது யாரை நோக்கிச் சொல்லப்படுகிறது என்பனவே இக்கட்டுரையின் வினாக்கள்.

மாடத்துச் சித்திரம்

அசைவூட்டத் தலைப்புக்கு அறிவார்ந்த மதிப்பைத் தேடித்தந்தவர் அமெரிக்க வடிவமைப்பாளர் சால் பாஸ். ஒட்டோ பிரமிங்கர் இயக்கிய ‘தி மேன் வித் தி கோல்டன் ஆர்ம்’ (1955) போதைக்கு அடிமையானவனின் கதை. அதன் தலைப்பில் கறுப்புப் பின்னணியில் வெண்கோடுகள் நகர்ந்து, முடிவில் கிழித்தெடுத்த காகிதம் போன்ற கோணலான ஒரு கையாகின்றன. ஊசி ஏறும் கை அது; ஆயினும் ஊசி காட்டப்படுவதில்லை. திரைச்சீலையை விலக்கிய பின்னரே தலைப்பை ஓட்டவேண்டும் என்ற குறிப்பு அப்படச்சுருளுடன் திரையரங்குகளுக்கு அனுப்பப்பட்டதாகச் சொல்வர். அதுவரை தலைப்பு என்பது பார்வையாளர் இருக்கை தேடும் நேரத்துக்குரியதாகவே இருந்தது என்பதற்கு இச்செய்தியே சான்று. ‘தி பிங்க் பாந்தர்’ (1963) வேறொரு வழியில் சென்றது. படத்துள் அப்பெயர் ஒரு வைரக்கல்லைக் குறிக்கும். தலைப்பில் மட்டும் வந்த இளஞ்சிவப்புச் சிறுத்தையோ படத்தைவிட்டு வெளியேறித் தனித் தொடராகவே வாழத் தொடங்கியது.

இவற்றிலிருந்து உருவான கோட்பாட்டைச் சுருக்கமாகச் சொன்னால், தலைப்புக்காட்சி படத்தின் சாரத்தை ஒரு குறியீடாக்கிப் பார்வையாளரை அதன் உணர்வுநிலைக்குள் அழைத்துச் செல்வது. அதன் உறவு படத்தோடு. படம் மாறினால் தலைப்பும் மாறியாக வேண்டும்.

தமிழில் நூலுக்கு முன் நிற்கும் உறுப்பைப் பற்றி இதைவிட விரிவான சிந்தனை உண்டு. 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், பாயிரத்துக்கு ஏழு பெயர்களைத் தருகிறது. முகவுரை, அணிந்துரை, புனைந்துரை முதலிய அப்பெயர்களே பாயிரம் ஒரே வேலையைச் செய்வதன்று என்பதைக் காட்டும். சிறப்புப்பாயிரம் தெரிவிக்கவேண்டியவை எட்டு: ஆக்கியவன் பெயர், நூல் வந்த வழி, அது வழங்கும் எல்லை, நூலின் பெயர், யாப்பு, நுவலும் பொருள், கேட்போர், பயன். காலம், களன், காரணம் என்னும் மூன்றையும் சேர்த்துப் பதினொன்றாகக் கொள்வாரும் உளர். பாயிரம் நூலுக்கு எத்தகையது என்பதற்கு நன்னூல் காட்டும் உவமைகளுள் முதலாவது, மாளிகைக்குச் சித்திரம் என்பது. சித்திரம் இல்லாவிடினும் மாளிகை நிற்கும். ஆனால் வருவோரை ஏற்றுக்கொள்ளும் முகம் அதற்கு இராது. அசையும் சித்திரத்தைப் பற்றிப் பேச வந்த நமக்கு இவ்வுவமை தற்செயலாகக் கிடைத்த பேறு.

திரைப்படத் தலைப்பைப் பாயிரமாகக் காண்பதால் ஒரு தெளிவு கிடைக்கிறது. எட்டு உறுப்புகளுள் எதைத் தலைப்பு முன்னிறுத்துகிறது, எதை அடக்குகிறது என்று கேட்க முடிகிறது. பாஸின் கை நுவலும் பொருளை முன்னிறுத்துகிறது. சிங்கீதம் சீனிவாசராவ் இயக்கிய ‘மைக்கேல் மதன காமராஜன்’ (1990) தலைப்பில், நால்வர் பிறந்து பிரிந்த முன்கதை பாட்டாகச் சொல்லப்படுகிறது. அங்கு முன்நிற்பது காரணம். அந்தத் தலைப்பைத் தவறவிட்டவர் பின்னர் வரும் ஆள்மாறாட்டங்களுக்குள் வழி தெரியாமல் நிற்பார். அசைவூட்டம் இன்றியே அது முழுமையான பாயிரம்.

புள்ளிகள் எழுத்தாகும்போது

1992 ஜூனில் வெளியான ‘அண்ணாமலை’யில்தான் ‘சூப்பர் ஸ்டார்’ அட்டை முதன்முதலில் தோன்றியது. இருண்ட திரை. நீலப் புள்ளிகள் தோன்றித் திரண்டு ஆங்கில எழுத்துகளில் ‘சூப்பர் ஸ்டார்’ ஆகின்றன. பின்னர் ‘ரஜினி’ என்னும் பெயர் பொன்னிறத்தில் எழுத்தெழுத்தாக வந்து நிற்கிறது. தேவாவின் இசையும் ‘ஹே’ என்னும் குழுக்குரலும் அதனோடு இயைகின்றன. முகம் இல்லை, கதை இல்லை, களம் இல்லை.

இதனை நுணுகி நோக்கினால் முதலில் புலப்படுவது அதன் தாமதம். எல்லோரும் அறிந்த ஒரு பெயர், அறியாத ஒன்றைப்போல் துளித்துளியாக வெளிப்படுகிறது. முதல் எழுத்து தோன்றியதுமே முழுப்பெயரும் அரங்கிலுள்ளோர் மனத்தில் முடிந்துவிடும். திரை பின்னால் வருகிறது. அந்த இடைவெளியைப் பார்வையாளர் தம் குரலால் நிரப்புகிறார்கள். கோலத்தில் புள்ளி வைத்த உடனே கோலம் எதுவாகும் என்று அறிந்த பெண், சிக்கு சுற்றிவரும் வரை பார்த்துக்கொண்டு நிற்பதை இதற்கு ஒப்பிடலாம். ஆங்கிலம் படிக்கத் தெரியாதவரும் இவ்வெழுத்துகளைப் ‘படித்து’விடுகிறார் என்பதும் கருதத்தக்கது. இங்கு எழுத்து ஒலிக்குறியாகச் செயல்படவில்லை, உருவமாகச் செயல்படுகிறது. ‘எழுத்து’ என்னும் சொல் ஓவியத்தையும் குறித்த பழைய தமிழ் வழக்கை இவ்வட்டை அறியாமலே மீட்டுக்கொள்கிறது.

ஜேம்ஸ் பாண்ட் படங்களின் துப்பாக்கிக் குழல் தொடக்கம் இதற்குத் தூண்டுதல் என்பதை இயக்குநர் சுரேஷ் கிருஷ்ணாவே பதிவு செய்துள்ளார். தூண்டுதலைச் சுட்டுவதோடு நின்றுவிடாமல், எது எடுக்கப்பட்டது, எது விடப்பட்டது என்று பார்க்கவேண்டும். ‘டாக்டர் நோ’ (1962) தொடங்கிப் பாண்ட் படங்களின் முகப்பில் இரண்டு அடுக்குகள் உள்ளன. மாரிஸ் பைண்டர் வடிவமைத்த துப்பாக்கிக் குழல், படம் எதுவாயினும் வரும் முத்திரை. அடுத்து வரும் தலைப்புக்காட்சி படத்துக்குப் படம் மாறுவது. அந்தந்தப் படத்தின் கருவை உருவகமாக்குவது. தமிழ் எடுத்துக்கொண்டது முதலாவது அடுக்கை மட்டுமே. அதிலும் ஒரு தலைகீழாக்கம் நிகழ்ந்துள்ளது. பாண்டின் முத்திரை பாத்திரத்துக்கு உரியது. நடிகர்கள் மாறுவர், முத்திரை நிற்கும். இங்கு முத்திரை நடிகருக்கு உரியது, பாத்திரங்கள் மாறுவர்.

இதன் விளைவு கோட்பாட்டளவில் சிக்கலானது. ‘பாட்ஷா’ (1995) தன் கடந்தகாலத்தை மறைத்து வாழும் ஒருவனின் கதை. அதே ஆண்டில் வந்த ‘முத்து’ ஜமீன் மாளிகையில் வேலை செய்பவனின் கதை. ‘படையப்பா’ (1999) பகையும் குடும்பமும் பற்றியது. மூன்றுக்கும் முன் நின்றது ஒரே அட்டை. அப்படியானால் அது எந்தப் படத்தின் உணர்வுநிலையைத் தெரிவிக்கிறது? பாஸின் அளவுகோலால் அளந்தால் எதையும் தெரிவிக்கவில்லை என்றே சொல்லவேண்டும். தலைப்பு தோற்றுவிட்டது என்று தீர்ப்பளிக்கவேண்டும். அவ்வட்டை ஓடும்போது காகிதத் துண்டுகள் பறந்த ஓர் அரங்கில் ஒருமுறையேனும் உட்கார்ந்தவர் அத்தீர்ப்பை ஏற்கமாட்டார். அளவுகோலில்தான் பிழை. அவ்வட்டை தெரிவிப்பது படத்தின் உணர்வுநிலையை அன்று, அரங்கின் உணர்வுநிலையை. எட்டு உறுப்புகளுள் அது கேட்போரைச் சுட்டுகிறது. ‘இது யாருடைய படம்’ என்று அது சொல்வதாக நாம் கருதுகிறோம். ‘இது யாருக்கான படம்’ என்றே அது சொல்கிறது.

தற்புகழ்ச்சியும் நாடக நோட்டீசும்

இவ்விடத்தில் நன்னூல் ஒரு தடையை எழுப்புகிறது. எத்துணைப் புதுமையான நூலை ஆக்கியவனாயினும் தன்னைத் தானே புகழ்தல் தகாது; ஆகவே சிறப்புப்பாயிரத்தை அவனுடைய ஆசிரியனோ, உடன் கற்றவனோ, மாணாக்கனோ, உரைகாரனோ செய்யவேண்டும் என்பது விதி. தற்புகழ்ச்சிக்கு விலக்களிக்கப்படும் இடங்கள் நான்கு. அரசவைக்கு ஓலை விடுக்கும்போதும், தன் ஆற்றலை அறியாதாரிடத்தும், அவையில் வாதிட்டு வெல்லவேண்டியபோதும், எதிரி தன்னைப் பழித்தபோதும் ஒருவன் தன்னைப் புகழலாம்.

‘சூப்பர் ஸ்டார்’ அட்டை இந்நான்கனுள் எதனுள்ளும் அடங்காது. குறிப்பாக இரண்டாவதற்கு நேர் எதிராக அது நிற்கிறது. ஆற்றலை நன்கறிந்தாரிடத்தே அது புகழ்ந்து கூறப்படுகிறது. எனவே அதைத் தற்புகழ்ச்சி என்று கண்டிப்பதும், வணிக உத்தி என்று ஒதுக்குவதும் எளிது. இரண்டிலும் ஓரளவு உண்மை உண்டு. ஆயினும் இதற்கு இன்னொரு மரபுப் பின்புலம் உள்ளது. அதனை இலக்கணத்தில் தேடுவதைவிட ஊர்த் திருவிழாவில் தேடுவது பொருத்தம்.

சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) வகுத்த நாடகப் பனுவல்களை வைத்து மதுரை, திண்டுக்கல் சமவெளி ஊர்களில் இன்றும் விடிய விடிய நடைபெறும் ஸ்பெஷல் நாடகத்தில், கதை உடனே தொடங்குவதில்லை. முதலில் பபூன் வருகிறார். அவையோடு பேசுகிறார், பாடுகிறார், கேலி செய்கிறார். வள்ளியும் முருகனும் வெகுநேரம் கழித்தே வருவர். பபூனின் பேச்சுக்கும் வள்ளி திருமணத்துக்கும் பொருள் தொடர்பைத் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். அவருடைய வேலை கதையைச் சுருக்கித் தருவதன்று. சிதறிக் கிடக்கும் கூட்டத்தை அவையாக்குவது. இந்நாடகங்களுக்கு அடிக்கப்படும் நோட்டீசும் இங்கு நினைக்கத்தக்கது. அதில் நடிகர்களின் புகைப்படங்கள் வரிசையாக இருக்கும். பெயருக்கு முன் ஊர்ப்பெயரும் பட்டமும் நிற்கும். பட்டத்தை முன்னிட்டுப் பெயரை அறிவிக்கும் இவ்வடிவம் திரையின் கண்டுபிடிப்பன்று. திரை செய்தது அதனை அசையச் செய்தது மட்டுமே.

பழைய மதுரை மாவட்டத்துத் தோற்பாவைக் கூத்திலும் முதலில் விநாயகர் பாவை திரையில் ஆடிச் செல்லும். இடையே உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் வந்து இராமாயணத்துக்கு வெளியே நின்று சிரிக்கவைப்பர். ஒளியூட்டிய திரையில் அசையும் வரையுருவம் என்ற அளவில் நம் அசைவூட்டத்தின் முன்னோடி அதுவே என்று சொல்லும் கட்டுரைகள் பல வந்துவிட்டன. தொழில்நுட்ப ஒப்புமையை நான் அவ்வளவாகப் பொருட்படுத்தவில்லை. கதைக்கு முன் கதைக்கு வெளியே ஓர் இடத்தை ஒதுக்கி, அதில் அவையை நேருக்கு நேர் விளிக்கும் முறையே தொடர்ச்சியாக வந்திருப்பது. சித்திரப் பாவை போன இடத்தில் புள்ளிகள் வந்திருக்கின்றன.

இந்த விளக்கம் அட்டைக்கு வக்காலத்து அன்று. கேட்போரை விளித்துவிட்டால் போதும் என்னும் மனநிலை, பொருளையும் எல்லையையும் களத்தையும் சொல்லும் கடமையிலிருந்து தமிழ்த் தலைப்பை நெடுங்காலம் விடுவித்துவிட்டது. பின்வந்த நாயகர்களுக்கும் பட்டத்தோடு கூடிய அசையும் அட்டைகள் அமைக்கப்பட்டன. அவற்றுள் பல, புள்ளிகள் திரளும் அந்தத் தாமதத்தின் நுட்பத்தை அறியாமல் வெடிப்பையும் தீப்பொறியையும் மட்டுமே பெருக்கின.

கல்லாகிய கதை

எஸ்.எஸ். இராஜமௌலியின் ‘பாகுபலி’ இரண்டாம் பாகத்துக்கு (2017) முன்கதை நினைவூட்டவேண்டிய தேவை இருந்தது. முதற்பாகத்தின் நிகழ்ச்சிகள் கணினி வரைகலையில் உறைந்த சிற்பங்களாக நிற்க, அவற்றினூடே பார்வை மட்டும் ஊர்ந்து செல்கிறது. உருவங்கள் அசையாமல் பார்ப்பவர் அசையும் அசைவூட்டம் இது. திண்டுக்கல்லுக்கு அருகிலுள்ள தாடிக்கொம்பு சௌந்தரராஜப் பெருமாள் கோயில் மண்டபத்தில் நடந்தவர்க்கு இவ்வனுபவம் புதிதன்று. இரணியனோடு பொரும் நரசிம்மர் தூணில் உறைந்திருக்கிறார். நாம் சுற்றிவரும்போது போர் நகர்கிறது.

பாயிர உறுப்புகளுள் இது வழியைச் சொல்கிறது; இந்நூல் எந்நூலிலிருந்து வந்தது என்பதை. ஆனால் வழியை மட்டும் சொல்லவில்லை. இரண்டாண்டுகளுக்கு முன் வெளிவந்த புனைகதை ஒன்று கல்லில் செதுக்கப்பட்டதாகக் காட்டப்படும்போது, அது வழிபாட்டுக்குரிய பழமையைப் பெற்றுவிடுகிறது. உணர்வுநிலையை உருவாக்குவதில் இத்தலைப்பு முழு வெற்றி பெற்றது. அந்த வெற்றிதான் சற்று அச்சமூட்டுகிறது. கல்லான கதையிடம் யாரும் கேள்வி கேட்பதில்லை.

முகமற்றோரின் நிலம்

பா. இரஞ்சித்தின் ‘காலா’ (2018) அசைவூட்ட முன்னுரையோடு தொடங்குகிறது. நிலம் மனிதனுக்குத் தேவையாக இருந்து அதிகாரமாக மாறிய வரலாற்றைப் பின்னணிக் குரல் சொல்ல, வரையுருவங்கள் அதனைத் தொடர்கின்றன. பின்னர் கதை மும்பையின் தாராவிக்கு வருகிறது. நாயகர் ‘அண்ணாமலை’யின் அதே நடிகர். எட்டு உறுப்புகளுள் அட்டை விட்டுவிட்ட எல்லையும் நுவலும் பொருளும் இங்கு மீண்டும் பாயிரத்துக்குள் வருகின்றன.

இதற்கு ஏன் அசைவூட்டம்? பல்லாயிரம் ஆண்டுகளைச் சில நிமிடங்களில் காட்ட வேறு வழி இல்லை என்பது நடைமுறை விடை. அதனினும் முக்கியமான காரணம் ஒன்று உண்டு என்பது என் கருத்து. ஒளிப்படக்கருவி எடுக்கும் மனிதனுக்கு முகம் உண்டு; முகம் வந்ததும் அது இன்ன நடிகர் என்றாகிவிடும். வரைந்த மனிதன் யாராகவும் இருக்கலாம். நிலம் இழந்தோரின் வரலாற்றுக்கு அந்த முகமின்மை தேவைப்படுகிறது. நாயகர் வருவதற்கு முன் நாயகரல்லாதோர் ஒருமுறை திரையை நிறைக்கவேண்டும் என்பது அழகியல் முடிவு மட்டுமன்று, அரசியல் முடிவும்கூட.

ஆனால் அம்முடிவை நிறைவேற்றிய விதத்தில் எனக்கு நிறைவில்லை. குரல் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறது. படங்கள் அதற்குச் சான்று காட்டும் பாடநூல் ஓவியங்களாகச் சுருங்குகின்றன. சத்யஜித் ராயின் ‘சத்ரஞ்ச் கே கிலாடி’ (1977) படத்தில் இடம்பெறும் அசைவூட்டப் பகுதியை இதனோடு ஒப்பிடலாம். அதுவும் நிலப்பறிப்பு பற்றியது. அங்கும் பின்னணிக் குரல் உண்டு. டல்ஹௌசி நாடுகளைக் கும்பினி ஆட்சியோடு இணைப்பது, அவர் செர்ரிப் பழங்களை ஒன்றன்பின் ஒன்றாக விழுங்குவதாகக் காட்டப்படுகிறது. குரல் வரலாற்றைச் சொல்ல, படம் பசியைச் சொல்கிறது. இரண்டும் ஒன்றையொன்று திரும்பச் சொல்வதில்லை. ‘காலா’வின் முன்னுரை நிலத்தின் முறையீட்டைச் சொன்னது, நிலத்தின் மணத்தைத் தரவில்லை.

வியப்பு என்னவெனில், அம்முன்னுரை செய்யத் தவறியதை அப்படத்தின் இறுதி செய்துவிடுகிறது. கறுப்பும் சிவப்பும் நீலமும் பொடியாகப் பறந்து திரையை மூடும் காட்சியில் முகங்கள் கரைகின்றன. நாயகர் இருக்கிறாரா இல்லையா என்பதே ஐயமாகிறது. வண்ணம் மட்டும் பொருளாக நிற்கிறது. பாஸ் ஒரு கையைக் கொண்டு செய்ததை இரஞ்சித் மூன்று வண்ணங்களைக் கொண்டு செய்துள்ளார், அசைவூட்டத்தின் உதவியின்றி. படத்தின் உண்மையான பாயிரம் அதன் கடைசியில் வந்துள்ளது எனலாம். பிக்சாரின் ‘வால்-ஈ’ (2008) இறுதிப் பெயர்ப்பட்டியலில், குகை ஓவியம் தொடங்கி வான்கோவின் பாணி வரை ஓவிய வரலாற்றைக் கொண்டு பூமி மீண்டும் குடியேறப்படும் கதை சொல்லப்படுவதும் இத்தகைய இடமாற்றமே. புறவுரை என்பதும் பாயிரத்தின் ஏழு பெயர்களுள் ஒன்று. நூலுக்குள் அடங்காததைச் சொல்வது என்பது அதன் பொருள். முன்னால்தான் நிற்கவேண்டும் என்ற நிபந்தனை அப்பெயருக்குள் இல்லை.

எழுத்தில் இல்லாத பெயர்

இவ்வாய்வுக்கு ஒரு நடைமுறைத் தடை உண்டு. தொலைக்காட்சி ஒளிபரப்பிலும் இணையத்தில் ஏற்றப்படும் படிகளிலும் தலைப்புப் பகுதி பல நேரங்களில் வெட்டப்படுகிறது. ஓடிடி தளங்கள் சிலவற்றில் அறிமுகத்தைத் தாண்டிச் செல்லும் பொத்தானே வந்துவிட்டது. திரையரங்கப் படச்சுருளில் இருந்த முழுத் தலைப்பையும் காண்பது பழைய படங்களைப் பொறுத்தவரை எளிதாக இல்லை. ஒரு படத்தின் பாடல்களும் நகைச்சுவைக் காட்சிகளும் தனித்தனியே பாதுகாக்கப்படும் நாட்டில், அதன் எழுத்து மட்டும் உதிர்ந்துகொண்டிருக்கிறது. ஓலைச்சுவடியில் முதல் ஏடும் கடைசி ஏடும் முதலில் சிதைவதுபோல. பாயிரம் கிடைக்காமையால் ஆசிரியர் பெயர் அறியப்படாத நூல்கள் நமக்குப் புதியவை அல்ல.

ஆசிரியர் பெயர் என்றதும் இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. எட்டு உறுப்புகளுள் முதலாவது ஆக்கியவன் பெயர். ஒரு படத்தில் உழைத்த ஒவ்வொருவர் பெயரையும் சொல்லும் பகுதி தலைப்புக்காட்சி. அப்பகுதியையே வரைந்து அசைவூட்டியவரின் பெயர் நம் விமரிசனத்தில் பேசப்படுவதில்லை. பாஸையும் பைண்டரையும் இக்கட்டுரை பெயர் சுட்டிப் பேசியுள்ளது. 1992இல் அந்த நீலப் புள்ளிகளை இருளில் ஒவ்வொன்றாக நிறுத்திய கைகளைப் பற்றிப் பேசும்போது, ‘அமைக்கப்பட்டது’ என்னும் செயப்பாட்டு வினையோடு நின்றுவிடுகிறோம்.